வெயிலுக்கு மறைத்து

பட்டியலில் பச்சை என்றால் கொடு.
சிவப்பு என்றால் கையை எடு.
இங்கெலா ஸ்டென்வாலுக்கு நான் எழுத நினைத்த
மாத்திரைக்கு நேரே ஒன்றுமில்லை.
வெள்ளைக் கட்டம்,
ஜன்னலுக்கு வெளியே உறைந்து கிடக்கும் ஏரிபோல.

அந்த ஏரியின் மேல்தான் அவளுக்கு வேலை.
தெற்கிலிருந்து வரும் புதுக் கார்களைப்
பனிக்கட்டியில் வழுக்கவிட்டு
நிற்கிறதா என்று பார்ப்பவள்.
அக்டோபரில் சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்தாள்,
நாக்கைக் கடித்துக்கொண்டு.
நாற்பத்தோரு வயதில் முதல் வலிப்பு.
சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வேறொருத்தி என்றால் எனக்கு
ஐந்து நிமிட வேலை.
இவள் குடும்பத்தில் போர்ஃபிரியா ஓடுகிறது.
ரத்தத்தின் சிவப்பைச் சமைக்கும் இடத்தில்
ஈரலுக்கு ஒரு கை குறைவு.
சும்மா இருக்கும்வரை சும்மா இருக்கும்.
யாராவது ஒரு மருத்துவர்
நல்லெண்ணத்தோடு ஒரு சீட்டு எழுதினால்
உலை பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

அளவுக்கு மிஞ்சினால்தானே அமிர்தமும் நஞ்சு?
இவளுக்கு அளவாகவே நஞ்சு.

அவள் பெரியப்பா எய்னார், மரம் வெட்டியவர்,
வயிற்றுவலி என்று போனார்.
திறந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மூடினார்கள்.
தூங்கட்டும் என்று ஊசி போட்டார்கள்.
முதலில் கை தூங்கியது.
பிறகு கால்.
ஆறாம் நாள் நெஞ்சுக்கூடு.
அவருடைய சிறுநீரை ஒரு நர்ஸ்
ஜன்னல் விளிம்பில் மறந்து வைத்திருந்தாராம்.
மதியத்துக்குள் அது
பீட்ரூட் வேகவைத்த தண்ணீராகியிருந்தது.
"யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை" என்றாள் இங்கெலா,
கோபமே இல்லாமல்.

கோபம் பிறகு வந்தது.
பழைய வலிப்பு மருந்துகள் வரிசையாகச் சிவப்பு.
பச்சையில் ஒன்று இருந்தது, எழுதினேன்.
வலிப்பு நின்றது.
மூன்றாம் வாரம் புருஷன் மேல் தட்டு பறந்தது.
நாய் விறகுக் கொட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டது.
"வலிப்பே தேவலை டாக்டர்.
அதிலாவது எனக்கு நினைவிருக்காது."

இன்னொரு பச்சை. அதையும் மீறி வலிப்பு.

நகத்தில் பிடித்த பூஞ்சைக்கு என்றால்
வேண்டாம் என்று முடித்திருப்பேன்.
உயிர் போகிறது என்றால்
சிவப்பையே கொடுத்துவிட்டுப்
பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.
இது இரண்டும் இல்லை.

தலைநகரத்து நிபுணரைப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று.
ஈரல் அதை எந்த வழியாக உடைக்கும்,
எந்த நொதியைக் கிளறும், எதைக் கிளறாது,
பொறுமையாகச் சொல்லிவிட்டு
"அநேகமாக ஒன்றும் ஆகாது" என்றார்.
அந்த அநேகமாகவைச்
சீட்டில் எப்படி எழுதுவது?

எழுதினேன்.
பாதி அளவில் தொடங்கு.
பட்டினி கிடக்காதே, மெலிய ஆசைப்படாதே.
வயிறு வலித்தால் நிறுத்து,
நள்ளிரவானாலும் கூப்பிடு, இது என் வீட்டு எண்.
பல் டாக்டரே எழுதினாலும்
மருந்துக்கடை ரூனேவிடம் காட்டாமல் வாங்காதே.
முதல் மாத்திரைக்கு முன் ஒரு குப்பி சிறுநீர்,
பிறகு வாராவாரம்.

அவள் இரண்டு முறை படித்தாள்.
"நாங்களும் இப்படித்தான்.
பனி தாங்குமா என்று பார்த்தால் தெரியாது.
துளை போட்டு அளப்போம்.
அப்புறம் லேசான வண்டியை முதலில் விடுவோம்.
ஓட்டுகிறவன் சீட் பெல்ட் போடக்கூடாது, கதவு திறந்தே இருக்கும்."
சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இன்று முதல் குப்பி.
வெளிச்சம் பட்டால் கணக்குத் தவறிவிடும் என்று
அலுமினியத் தாளில் சுற்றினேன்,
சந்தேகத்துக்கு இன்னொரு சுற்று.
தபால் வண்டி நிற்குமிடம் வரை நானே நடந்தேன்.
மணி நாலு.
சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்
எத்தனையோ நேரமாகியிருந்தது.
கும்மிருட்டில்
இல்லாத வெயிலுக்கு மறைத்து
எடுத்துப்போகிறேன்,
கோட்டுப் பைக்குள்
இன்னும் ஆறாத அவள் சூட்டை.